எது கெட்டது என்று கேட்டோம்

2024ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மழையிரவொன்றில் இஷாத் தொழுகை முடித்து வீடு திரும்பி, வழக்கம்போல் மடிக்கணினியின் மூடியைத் திறந்தோம். திரை விழிக்கவில்லை. பொத்தானை அழுத்தினோம். ஓரத்துச் சிறுவிளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. மறுமுறை அதுவும் இல்லை. மின்கம்பியைச் செருகிப் பார்த்தோம், பிடுங்கிப் பார்த்தோம், துணியால் துடைத்துப் பார்த்தோம். உறங்குகிறவரை எழுப்பலாம் என்ற நம்பிக்கை நள்ளிரவு வரை நீடித்தது.

ஒரு கருவி கெட்டதற்கு இத்தனை கலக்கமா என்று அன்பர்கள் நினைக்கலாம். அந்தப் பெட்டிக்குள் இருந்தது நமது பதினோராண்டு உழைப்பு. நமது பாட்டிமார்களில் பலர் தமிழ் எழுத்தை அறியாதவர்கள். ஆனால் தமிழையே அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழில் கடிதமும், சீர்ப் பட்டியலும், நெல் கணக்கும் எழுத வல்லவர்களாக இருந்தனர். அவர்கள் கையாண்ட சொற்களை ஊர் ஊராகச் சென்று கேட்டுத் தொகுத்து வந்தோம். அய்யம்பேட்டை, பண்டாரவாடை, இராஜகிரி, கூத்தாநல்லூர் என்று முதிய பெண்மணிகள் இருக்கும் வீடுகளின் திண்ணையில் அமர்ந்து, உள்ளிருந்து பேரப்பிள்ளைகள் வழியாக வந்த சொற்களை எழுதிக்கொண்டோம். ஆறாயிரத்துச் சொச்சம் சொற்கள். சொல்லித் தந்தவர்களில் பாதிப்பேர் இன்று கபுருஸ்தானில் இருக்கின்றனர். இன்னொரு முறை கேட்டெழுத வழியில்லை.

படியெடுத்து வைத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. நபிமொழிகளை மனனத்தாலும் எழுத்தாலும் இருவழியில் காத்த முன்னோரின் சரித்திரத்தை முப்பதாண்டுக் காலம் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியவர் நாம். நமது தொகுப்புக்கோ ஒரே படி! மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் பென்டிரைவில் ஏற்றித் தந்தது உண்டு. அதில் இருந்தவை இரண்டாயிரம் சொற்களே.

மறுநாள் காலை பாபநாசத்தில் இரயிலேறித் திருச்சி சென்றோம். கணினி 2019இல் வாங்கியது, ஆகவே உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்திருந்தது. ஆயினும் செய்தவருக்கே தெரியும் என்ற எண்ணத்தில், அந்நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரையே நாடினோம். குளிரூட்டிய அறை. சீட்டு எடுத்துக் காத்திருக்க வேண்டும். முறை வந்ததும் ஓர் இளைஞர் மரியாதையாக வரவேற்றார், விவரங்களைக் கேட்டுப் பதிந்துகொண்டார். பிறகு ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டார். உள்ளே இருக்கும் எழுத்து, படம் எதற்கும் தாங்கள் பொறுப்பல்ல என்பது அதன் சாரம்.

மூன்று நாளில் தொலைபேசி வந்தது. "சார், மதர்போர்டு போயிடுச்சு. புதுசு போடணும். வரியோட 31,400 ரூபாய் ஆகும்."

நேரில் சென்றோம். "போர்டில் எது கெட்டது, தம்பி?" என்று கேட்டோம். அந்த இளைஞர் நம்மை ஒரு கணம் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"அதை நாங்க பாக்கிறதில்லை சார். போர்டு வேலை செய்யலைன்னா போர்டை மாத்துவோம். கம்பெனி முறை அதுதான்."

"உள்ளே இருக்கும் எழுத்தை முதலில் வேறொன்றில் எடுத்துத் தர முடியுமா?"

"அதுக்கு அனுமதி இல்லை சார்."

அவர்மீது நமக்கு வருத்தமில்லை. பலகையை முழுதாக மாற்றினால் வேலை விரைவில் முடியும், புதுப்பலகைக்கு உத்தரவாதமும் தரலாம். ஆயிரம் ஊர்களில் கிளை வைத்து நடத்தும் வணிகத்துக்கு அது வசதியான வழி. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் கணினியை அங்கேதான் கொண்டுசெல்ல வேண்டும் என்று இன்றும் மாணவர்களுக்குச் சொல்கிறோம். ஆனால் 'எது கெட்டது' என்ற கேள்விக்கு விடை சொல்ல அந்த அறையில் எவருமில்லை என்பது மனத்தை உறுத்தியது. சோதனைக் கட்டணமாக 590 ரூபாய் செலுத்திவிட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அப்படியானால் வெளிக்கடைக்குப் போக வேண்டியதுதானே என்று வீட்டார் கூறினர். நாம் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. இரண்டாண்டுக்கு முன், பக்கத்து ஊர்க் கடையொன்றில் பேட்டரி மாற்றினோம். 'ஒரிஜினல்' என்று சொல்லித்தான் தந்தார்கள். எட்டாம் மாதத்தில் அது பொரித்த அப்பளம்போல் உப்பி, விசைப்பலகையையே மேலே தூக்கிவிட்டது. கேட்கப் போனபோது, அந்தப் பேட்டரியை விற்ற நினைவே அவர்களுக்கு இல்லை. ரசீதும் நாம் வாங்கி வைக்கவில்லை. ஒருபக்கம் விடை சொல்லாத நேர்மை, மறுபக்கம் வாய் நிறைய விடை சொல்லும் பொய் என்று இரண்டுக்கும் நடுவில் நின்றோம்.

அச்சமயம் நமக்குக் குதூரி நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 428இல் மறைந்த இமாம் குதூரி அவர்களின் ஃபிக்ஹுச் சுருக்கம் நமது மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் கிதாபு. கூலி பற்றிய பாடத்தில் 'அஜீர் முஷ்தரக்' என்றொரு வகையினர் வருகின்றனர். சாயமேற்றுபவர், சலவை செய்பவர்போல் ஒருவருக்கென்று இராமல் ஊரார் அனைவருக்கும் வேலை செய்து கொடுப்பவர் அவர். அவரிடம் ஒப்படைத்த பொருள் கெட்டுப்போனால் யார் பொறுப்பு? அவர் கையிலிருக்கும் பொருள் அமானிதம். அவருடைய செயலின்றி அது அழிந்தால் ஈடில்லை என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. அவர்தம் மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் வேறுபடுகின்றனர். பெருந்தீ போன்ற தடுக்க முடியாத காரணம் இருந்தாலன்றி, தொழிலாளரே பொறுப்பு என்கின்றனர். வெளுக்கும்போது அடித்த அடியில் துணி கிழிந்தால், அதாவது அவருடைய வேலையாலேயே பொருள் கெட்டால், அவர் ஈடு செய்ய வேண்டும் என்பதில் ஆசிரியருக்கும் மாணவர்களுக்கும் பேதமில்லை. சாயக்காரர் கூலி பெறும்வரை துணியைத் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் அவர் வேலையின் அடையாளம் துணியில் இருக்கிறது. சுமை தூக்கியவருக்கு அந்த உரிமை இல்லை என்ற நுட்பமும் அங்கே உண்டு.

இதையெல்லாம் இருபத்தைந்து முறைக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறோம். திருச்சியில் கையொப்பமிட்ட தாளில் இந்தப் பாடம் தலைகீழாக நிற்பதை அப்போதுதான் கண்டோம். பொருளை ஒப்படைக்குமுன்பே, அது அழிந்தாலும் கேட்கமாட்டேன் என்று ஒப்படைப்பவர் எழுதிக் கொடுக்கிறார்!

தஞ்சையில் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மாடிக் கடை. நமது சக ஆசிரியர் ஒருவர் சொல்லி அனுப்பினார். படியேறும் சுவரில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேசை, அதன்மேல் நுண்ணோக்கி, ஈய வாடை. முப்பது வயதுக்குட்பட்ட ஒரு தம்பி. அவருடைய கதையை வேலை நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டறிந்தோம். பள்ளி மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தமிழகத்தில் தொடங்கியதல்லவா? எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்ய, பல ஆண்டுகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றில் ஒன்று இவர் கைக்கும் வந்தது. உத்தரவாதம் முடிந்து அது பழுதானபோது, திருச்சிக்குக் கொண்டுபோகக் காசில்லை. தாமே திறந்தார், மேலும் கெடுத்தார், பிறகு ஒருவாறு சரிசெய்தார். அதன்பின் தெருப்பிள்ளைகளின் கணினிகள் வந்தன. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சென்னை ரிச்சி தெருவில் நான்காண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்.

கணினிகளைத் தந்த அரசு, அவற்றைப் பழுதுபார்ப்போர் கூட்டமொன்றையும் தன்னையறியாமல் உண்டாக்கியது என்றே நமக்குத் தோன்றுகிறது. டெல்டாவில் அந்தப் பெட்டிகள் பல ஆண்டுகள் உயிரோடிருந்ததற்கு இத்தகைய மாடிக்கடைகளே காரணம். இனி கல்லூரி மாணவர்கள் 20 இலட்சம் பேருக்குக் கணினியோ கைக்கணினியோ வழங்குவதாக 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. மாடிக்கடைகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

தம்பி பெட்டியை வாங்கியதும் முதலில் கேட்டது, "உள்ளே என்ன இருக்கு, பாய்?" என்பதுதான். சொன்னோம். "அப்போ போர்டைத் தொடுறதுக்கு முன்னாடி அதை எடுத்துடுவோம்" என்றார். அடிமூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். விசிறி நெடுகப் பச்சையாய்ப் பூச்சிகள். சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் விளக்கை நோக்கி மொய்க்கும் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் நமது வயல்காட்டு வீடுகளுக்குப் புதியவை அல்ல. குடமுருட்டிக் கரையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒளிரும் திரைமுன் எழுதினால் அவை வேறெங்கே போகும்? இரவு இரவாய் விசிறி அவற்றை உள்ளே இழுத்திருக்கிறது. அடைமழை ஈரமும் சேர்ந்து பலகையில் ஓரிடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

சேமிப்புப் பகுதியைத் தனியே கழற்றி, வேறொரு கணினியில் இணைத்தார். நமது சொற்கள் வரும் என்று நாம் திரையை நோக்கியிருக்க, வந்ததோ ஒரு பூட்டு. 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்டது. பிட்லாக்கர் என்று பெயராம். விண்டோஸ் கணினிகள் பலவற்றில், கணக்கொன்றைத் தொடங்கி நுழையும்போதே இது தானாகப் பூட்டிக்கொள்கிறது. திருடர் கையில் சிக்கினால் எதையும் படிக்க முடியாது என்பது இதன் நன்மை. சேமிப்பை இடம்மாற்றினாலோ, பலகையையே மாற்றினாலோ, உரியவரும் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

"திருச்சியில போர்டு மாத்தியிருந்தாலும் இதேதான் கேட்டிருக்கும், பாய். நம்பர் இல்லைன்னா யாராலயும் எடுக்க முடியாது. கம்பெனியாலயும் முடியாது."

நமக்கு நா வறண்டது. அப்படி ஓர் எண்ணை நாம் கண்டதே இல்லை. 2019இல் கணினியை வாங்கி எல்லாம் ஏற்பாடு செய்து தந்தவர் அப்போது மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த ஒரு மாணவர். இப்போது குவைத்தில் வேலை. கணக்கு யார் பெயரில், எந்தத் தொலைபேசி எண்ணில் என்பதெல்லாம் அவருக்கே வெளிச்சம். செய்தி அனுப்பிவிட்டு, மதியத் தொழுகைக்கு இறங்கிச் சென்று வந்தோம். பதிலில்லை. அஸர் ஆயிற்று. வேலை நேரத்தில் கைபேசியைத் தொட அவருக்கு அனுமதியில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

காத்திருந்த வேளையில் தம்பி பலகையின் வரைபடத்தைத் தம் கணினித் திரையில் விரித்தார். நூற்றுக்கணக்கான கோடுகள், எண்கள். ஒவ்வொரு நுண்ணுறுப்பும் எங்கே, அதற்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது.

"இதைக் கம்பெனி தருகிறதா?"

"தரமாட்டாங்க, பாய். விலைக்குக் கேட்டாலும் கிடைக்காது. எங்கேயோ கசிஞ்சு வெளியில வருது. நாங்க வாங்கி வெச்சுக்குவோம்."

மார்க்கக் கல்வி போதிப்பவர் என்ற முறையில் அடுத்த கேள்வியை நாம் கேட்காமலிருக்க முடியவில்லை. "பிறர் ஒளித்து வைத்ததை அவர் அனுமதியின்றி வைத்துக்கொள்வது முறையா, தம்பி?"

அவர் கோபிக்கவில்லை. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நான் இதை வெச்சு இன்னொரு கம்ப்யூட்டர் செய்யப் போறதில்லை, பாய். உங்க கம்ப்யூட்டர்ல கரண்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுக்கப் பாக்கிறேன். இது உங்களோடதா, கம்பெனியோடதா?"

அதற்கு நாம் அன்று விடை சொல்லவில்லை. விற்பவர் பொருளின் குறையை மறைப்பது மோசடி என்று நமது சட்டநூல்கள் கண்டிப்பாகவே சொல்கின்றன. குறை தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம். தம் கையில் வேறொரு புதுக்குறை உண்டாகிவிட்டிருந்தால் திருப்பும் உரிமை போகும், ஆயினும் பழைய குறைக்கான விலைக் குறைவைக் கேட்டுப் பெறலாம். திறந்து பார்த்த குற்றத்துக்காக எல்லா உரிமையும் போய்விடும் என்று அந்நூல்களில் இல்லை. முத்திரைத் தாள் கிழிந்தால் உத்தரவாதம் இல்லை என்று ஒட்டி வைக்கும் வழக்கத்தை, 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டத்துக்கு மாறானதாக இருக்கலாம் என்று கூறி, அமெரிக்க வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. ஆனால் குறையை மறைப்பது வேறு, பழுதுபார்க்கும் அறிவை மறைப்பது வேறு. பின்னதற்கு முன்னோர் நூல்களில் நேரடித் தீர்ப்பை நாம் காணவில்லை. பிறர் உரிமையை மீறி வந்த வரைபடம் நமக்கு இன்றும் நெருடல்தான். அதைவிடப் பெரிய நெருடல், முப்பத்தோராயிரம் ரூபாய்ப் பலகையை ஏன் மாற்ற வேண்டும் என்று சொல்லாமலே விலை சொன்னது.

உலகம் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நமது நாட்டில் கார் நிறுவனங்கள் 14 மீது, உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பின்னர் அது மேல்முறையீட்டுக்குச் சென்றது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எத்தனை எளிது என்பதைப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டுமென்று பிரான்சு தேசம் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி, கைபேசி உள்ளிட்ட ஐவகைப் பொருள்களுக்கு விதி செய்தது. நமது மத்திய நுகர்வோர் துறையும் 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அக்குழு எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வேளாண் கருவிகளும் ஒன்று.

வேளாண் கருவி என்றதும் நமக்கு ஊர் நினைவு வருகிறது. போர்செட் மோட்டார் எரிந்தால் நமது விவசாயி கோயம்புத்தூர்க் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருப்பதில்லை. மோட்டாரை வண்டியிலேற்றிக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகிறார். பட்டறைக்காரர் உருக்குலைந்த கம்பியைச் சுற்றுச்சுற்றாய் எண்ணி எடுத்து, அதே எண்ணிக்கைக்குப் புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றித் தருகிறார். ஒன்றிரண்டு நாளில் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது. மோட்டாரின் அமைப்பு எவருக்கும் இரகசியமாக இல்லாததால் இது நடக்கிறது. நாளை அந்த மோட்டாருக்குள்ளும் பூட்டிய எழுத்தொன்று குடியேறினால், மேட்டூர் திறந்தும் திறவாத ஆண்டுகளில் நாற்று என்ன ஆகும்?

நுகர்வோர் வழக்கைப் பற்றியும் சிலர் கேட்டனர். 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. நமக்கு அங்கே செல்ல மனம் வரவில்லை. கையொப்பமிட்டது நாம்தானே.

மஃரிபுக்குப் பிறகு குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. மாணவர் தம் கணக்கைத் திறந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டார். ஆறாறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். அவர் ஓத, நாம் எழுதினோம். எழுதியதை நாம் ஓத, அவர் சரிபார்த்தார். பிரதியை ஆசிரியரிடம் வாசித்து ஒப்பிடும் 'முகாபலா' முறையை அவருக்குக் கற்பித்தவர் நாம். அன்று அவர் ஆசிரியர், நாம் மாணவர். ஐந்தாம் தொகுதியில் நாம் எழுதிய ஒரு பிழையை அவர் திருத்தினார்.

பூட்டு திறந்தது. சொற்கள் அனைத்தும் இருந்தன. திண்ணைகளில் கேட்டெழுதியவை வரிசை கலையாமல் வந்து நின்றன. அல்ஹம்து லில்லாஹ். தம்பி அவற்றை இரு தனிப் பெட்டிகளில் படியெடுத்தார்.

அதன்பின்தான் பலகையைத் தொட்டார். களிம்பு பூத்த பகுதியைச் சுத்தம் செய்து, அங்கே ஸ்பிரிட்டைத் தடவி, சிறிதளவு மின்சாரம் பாய்ச்சினார். எல்லா இடமும் ஈரமாயிருக்க, ஒரு புள்ளியில் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்தது. "இதோ, இதுதான் ஷார்ட்" என்றார். பொன்னி அரிசிக் குருணையளவு கெப்பாசிட்டர் ஒன்று. வெந்நீர் ஆவிபோல் சூடான காற்றைச் செலுத்தி அதை எடுத்தார். ஸ்க்ராப் போர்டு ஒன்றிலிருந்து அதே அளவினதைக் கழற்றி வைத்தார். புதிய உறுப்புக்கு எங்கே போவது, கம்பெனி விற்பதில்லை என்பதை இம்முறை அவர் சொல்லாமலே விளங்கிக்கொண்டோம். பொத்தானை அழுத்தச் சொன்னார். விளக்கு மின்னியது, நின்றது, விசிறி சுழன்றது.

கூலி 2,200 ரூபாய். படியெடுத்ததற்கு வாங்க மறுத்தார். ரசீது கேட்டோம். மூன்று மாதத்துக்குள் அதே இடம் மறுபடி கெட்டால் இலவசமாகச் செய்து தருவதாக ரசீதிலேயே எழுதித் தரும்படியும் கேட்டோம். "இப்படி யாரும் கேட்டதில்லை, பாய்" என்று சிரித்தபடியே எழுதினார். கெட்ட உறுப்பைக் காகிதத்தில் மடித்துத் தந்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கச் சொன்னார். எண்ணை ஒரு தாளில் எழுதிக் கணினிக்குள் அல்லாமல் வேறெங்காவது வைக்கவும் சொன்னார்.

வலை அடித்தாயிற்று. படிகளில் ஒன்று மகள் வீட்டிலும் மற்றொன்று மத்ரஸா அலமாரியிலும் இருக்கின்றன. அந்த 48 இலக்கங்களையும், குருணையளவு உறுப்பு மடித்த காகிதத்தையும் குதூரியின் பின்னட்டை உறைக்குள் வைத்திருக்கிறோம்.